பிள்ளைக்கு ஐஸ் ஹொக்கிச் சாமான்: புதிதா, பாவித்ததா, தொடக்கத் திட்டமா?

ஓகஸ்ட் மாதம் வந்தால் ஸ்காபரோ, மார்க்கம், ஏஜாக்ஸ், பிரம்ப்டன் பக்கத்துத் தமிழ்ப் பெற்றோர் பலர் கேட்கும் கேள்வி ஒன்றுதான். பிள்ளை ஹொக்கி விளையாடப் போகிறேன் என்று பிடிவாதமாக நிற்கிறது. வகுப்பில் கூட்டாளிமார் விளையாடுகிறார்கள். கடைக்குப் போனால் ஒரு சோடி ஸ்கேட்டுக்கு 100 டொலர் சொல்கிறார்கள், அதே அளவில் இன்னொரு சோடிக்கு 500 டொலர் சொல்கிறார்கள். இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டுத் தெளிய, வீட்டில் இந்த விளையாட்டை விளையாடிய மாமாவோ சித்தப்பாவோ இல்லை. எதை வாங்குவது, எதை விடுவது?

என் கருத்தை முதலே சொல்லிவிடுகிறேன். பிள்ளைக்கு 6 முதல் 10 வயது, இதுவரை எந்த ஹொக்கிச் சங்கத்திலும் பதியவில்லை என்றால் ஒரே கட்டணத்தில் சாமானும் பயிற்சியும் தரும் தொடக்கத் திட்டம் ஒன்றில் இடம் தேடுங்கள். இடம் கிடைக்காவிட்டால் ஹெல்மெட்டும் கழுத்து, வாய், இடுப்புக் காப்புகளும் புதிதாக வாங்குங்கள், மற்றவை பாவித்ததாக இருக்கட்டும், ஸ்கேட் மட்டும் காலுக்கு எது பொருந்துகிறதோ அது (இதைத்தான் கீழே ‘கலவை’ என்கிறேன்). விலை கூடிய வரிசைச் சாமான் முதல் சில ஆண்டுகளுக்குத் தேவையே இல்லை. அது ஏன் அந்த விலைக்கு விற்கிறது என்பதைப் புரிந்துகொள்ள, தொழில்முறை லீக்குகளின் வியாபாரத்தையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். அதையும் கீழே எழுதியிருக்கிறேன். விலைகள் எல்லாம் கனேடிய டொலரில், அண்ணளவாக.

## எதை வைத்து அளப்பது

முதல் அளவுகோல் பாதுகாப்பு. கனடாவில் சிறுவர் ஹொக்கிக்கு ஹெல்மெட்டும் முகத்தை முழுதாக மூடும் காப்பும் கனேடியத் தர அமைப்பான சிஎஸ்ஏயின் சான்று பெற்றிருக்க வேண்டும். கழுத்துக் காப்பும் கட்டாயம். இதில் பேரம் பேச இடமில்லை.

இரண்டாவது பொருத்தம். பெரிய ஷின் பேட் (முழங்காலுக்கும் கீழ்க்காலுக்குமான காப்பு) ஓடும்போது சுழன்று முழங்காலை வெளியே விட்டுவிடும். தளர்ந்த ஸ்கேட்டில் கணுக்கால் உள்பக்கமாகச் சாயும். எவ்வளவு விலை கொடுத்தாலும் பொருந்தாத சாமான் வேலை செய்யாது.

மூன்றாவது, எவ்வளவு காலம் பாவிக்கப் போகிறோம் என்பது. வளரும் பிள்ளையின் ஸ்கேட் பெரும்பாலும் ஒரு சீசன்தான் தாங்கும், அதிகம் போனால் ஒன்றரை. ஷோல்டர் பேட், பேண்ட்ஸ் போன்றவை இரண்டு சீசன் வரை வரும்.

நான்காவது மொத்தச் செலவு. விலைச்சீட்டில் இருப்பது அதில் ஒரு பகுதிதான். ஒன்ராறியோவில் கடையில் வாங்கினால் 13 சதவீதம் எச்எஸ்டி வரி, அதற்கு மேல் ஸ்கேட் கூர் போடும் காசு, உடைந்த ஸ்டிக்குக்குப் பதில் இன்னொன்று, தேடி அலையும் பெற்றோல். கடைசியாக, பிள்ளை ஒரு சீசனோடு விட்டுவிட்டால் என்ன ஆகும் என்பது. இதை யாரும் யோசிக்க விரும்புவதில்லை. ஆனால் யோசித்தே ஆக வேண்டும்.

வாங்க வேண்டியவற்றின் பட்டியல் இது: ஹெல்மெட்டும் கேஜும் (முகத்தை மூடும் கம்பிக் கூடு), கழுத்துக் காப்பு, வாய்க் காப்பு, ஷோல்டர் பேட், எல்போ பேட், கையுறை, இடுப்புக் காப்பு (ஆண் பிள்ளைக்கு ஜொக், பெண் பிள்ளைக்கு ஜில்), பேண்ட்ஸ், ஷின் பேட், நீளக் காலுறை, ஸ்கேட், ஸ்டிக், பை. ஜேர்சியைப் பெரும்பாலும் சங்கமே தரும், பயிற்சிக்கு மட்டும் ஒன்று தேவைப்படலாம்.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | தொடக்கத் திட்டம் | முழுதும் பாவித்தது | முழுதும் புதிது | கலவை |
|---|---|---|---|---|
| முதல் செலவு | 250 டொலர் அளவில், பயிற்சியும் சேர்த்து | 100 முதல் 250 வரை | 400 முதல் 700 வரை, அடிப்படை வரிசையில் | 250 முதல் 400 வரை |
| பாதுகாப்பு | புதியது, சான்று உண்டு | ஹெல்மெட்டில் கவனம் தேவை | சான்று உண்டு | ஹெல்மெட் புதியது என்பதால் கவலை இல்லை |
| பொருத்தம் | அளந்து தருவார்கள் | கிடைத்த அளவுக்கு | கடையில் ஆள் நின்று பார்ப்பார் | முக்கியமான இடத்தில் சரியாக இருக்கும் |
| மறைந்த செலவு | திட்டம் முடிந்ததும் லீக் பதிவு | அலைச்சல், திருப்பிக் கொடுக்க முடியாது | வரி, விற்றால் பெரிய நட்டம் | கொஞ்சம் அலைச்சல் |
| பிள்ளை விட்டுவிட்டால் | இழப்பு குறைவு | ஏறத்தாழ வாங்கிய விலைக்கே விற்கலாம் | பாதிக் காசு போய்விடும் | சமாளிக்கலாம் |

## தொடக்கத் திட்டம்

கனடாவில் பலருக்கும் தெரிந்தது ‘ஃபர்ஸ்ட் ஷிஃப்ட்’. சாமான் செய்யும் பாவர் நிறுவனமும், நாட்டின் ஹொக்கி நிர்வாக அமைப்பான ஹொக்கி கனடாவும் சேர்ந்து தொடங்கியது. 6 முதல் 10 வயதுக்குள், முன்பு ஹொக்கியில் பதியாத பிள்ளைகளுக்கானது. கட்டணம் கட்டினால் தலையிலிருந்து கால் வரை புதிய சாமான் அளந்து கொடுத்து, ஐஸில் ஆறு பயிற்சி வகுப்பும் நடத்துவார்கள். சாமான் பிள்ளைக்கே சொந்தம். கடையில் என்றால் அந்தக் கட்டணத்தில் பெரும்பகுதி ஸ்கேட்டுக்கும் ஹெல்மெட்டுக்குமே போய்விடும்.

எல்லை கடந்து பஃபலோ, டெட்ரொயிட், நியூ ஜேர்சி பக்கம் உறவினர் இருந்தால், அங்கே வட அமெரிக்கத் தொழில்முறை லீக்கான என்எச்எல்லின் அணிகள் நடத்தும் ‘லேர்ன் டு ப்ளே’ என்ற திட்டம் இதே மாதிரியானது. லீக்கும் வீரர் சங்கமும் 2013 தொழில் ஒப்பந்தத்தில் ஒரு வளர்ச்சி நிதி உருவாக்கின. அந்த நிதியிலிருந்துதான் இதற்குப் பணம் போகிறது.

இதன் குறைகளையும் சொல்ல வேண்டும். இடம் மிகக் குறைவு, பதிவு திறந்த சில நாட்களில் நிரம்பிவிடும். எல்லா ஊரிலும் எல்லாப் பருவத்திலும் நடப்பதில்லை. ஆறு வகுப்பு முடிந்ததும் பிள்ளை ‘இன்னும் வேண்டும்’ என்று கேட்கும், அப்போது ஹவுஸ் லீக் (சங்கத்துக்குள்ளேயே நடக்கும் சாதாரண லீக்) கட்டணம் காத்திருக்கும். ஸ்கேட் அடிப்படைத் தரம்தான், ஆனால் கற்றுக்கொள்ளும் பிள்ளைக்கு அது போதும்.

குடும்ப வருமானம் குறைவாக இருந்தால் கனேடியன் டயரின் ‘ஜம்ப்ஸ்டார்ட்’, ‘கிட்ஸ்போர்ட்’, ஹொக்கி கனடா அறக்கட்டளையின் உதவி நிதி என்று பதிவுக் கட்டணத்துக்குக் கைகொடுக்கும் வழிகள் இருக்கின்றன. கூச்சப்பட்டு விண்ணப்பிக்காமல் விடும் குடும்பங்கள் நம்மிடையே அதிகம். புதிதாக வந்த பிள்ளைகளும் இந்த விளையாட்டுக்குள் வர வேண்டும் என்றுதான் அந்தப் பணம் ஒதுக்கப்பட்டிருக்கிறது. தயவுசெய்து விண்ணப்பியுங்கள்.

## முழுதும் பாவித்தது

பிள்ளைகள் சாமானைத் தேய்ப்பதற்கு முன்பே வளர்ந்துவிடுகிறார்கள். அதனால் சிறுவர் அளவில் பாவித்த சாமான் சந்தை நிறையக் கிடக்கிறது. ‘ப்ளே இட் அகெய்ன் ஸ்போர்ட்ஸ்’ போன்ற கடைகள், பேஸ்புக் மார்க்கெட்பிளேஸ், கிஜிஜி, வசந்தத்தில் சங்கங்கள் நடத்தும் மாற்று விற்பனை எல்லாம் தேட வேண்டிய இடங்கள். பை நிறைய முழுத் தொகுதியாக விற்கும் குடும்பங்களிடம் வாங்குவது மிக மலிவு. ஆனால் அதில் பாதி உங்கள் பிள்ளைக்குப் பொருந்தாமல் இருக்கலாம். விலை பேசுவதற்கு முன் ஒவ்வொன்றின் அளவையும் கேளுங்கள்.

ஷின் பேட், எல்போ பேட், ஷோல்டர் பேட், பேண்ட்ஸ், கையுறை ஆகியவற்றைப் பாவித்ததாக வாங்கத் தயங்கவே வேண்டாம். பிளாஸ்டிக் மூடியில் வெடிப்பு இல்லையா, வெல்க்ரோ ஒட்டுகிறதா, கையுறையின் உள்ளங்கையில் ஓட்டை இல்லையா என்று பாருங்கள். மணம் இருக்கத்தான் செய்யும். குளியல் தொட்டியில் சலவைத் தூளும் வினாகிரியும் போட்டு ஊறவைத்து, வெயிலில் காயவிட்டால் பெரும்பகுதி போய்விடும்.

பாவித்ததாக வாங்கவே கூடாதவை வாய்க் காப்பு, இடுப்புக் காப்பு, கழுத்துக் காப்பு. ஹெல்மெட் பற்றித் தனியாகச் சொல்கிறேன்.

இந்த வழி யாருக்கு நல்லது? நேரம் இருக்கிறவர்களுக்கும், இரண்டு மூன்று பிள்ளைகளை ஒரே நேரத்தில் சேர்ப்பவர்களுக்கும், பிள்ளைக்கு உண்மையிலேயே ஆசை இருக்கிறதா என்று இன்னும் தெரியாதவர்களுக்கும்.

## முழுதும் புதிது

புதிதாக வாங்குவதன் உண்மையான பயன் கடையில் நிற்கும் ஆள்தான். நல்ல கடையில் காலை அளந்து, இரண்டு மூன்று வடிவ ஸ்கேட்டைப் போடவைத்து, நிற்கவைத்து, முழங்காலை மடக்கவைத்துப் பார்ப்பார்கள். வாங்கினால் ஸ்கேட்டைச் சூடாக்கிக் காலுக்கு வார்ப்பார்கள், முதல் கூரும் போட்டுத் தருவார்கள். அகலப் பாதம், மிக ஒல்லியான கால், சாதாரண அளவில் அடங்காத உயரம் உள்ள பிள்ளைக்கு இந்த வழியே நல்லது. 12, 13 வயதைத் தாண்டி, போட்டி அணிக்குத் தெரிவாகி, வளர்ச்சியும் மெதுவான பிள்ளைக்கும் புதிய ஸ்கேட் நியாயமானது.

ஆனால் கடைக்குள் போனதும் சுவரில் மேலே தொங்குவது உயர் வரிசை. அங்கேதான் பெற்றோர் தடுமாறுகிறார்கள். பெரியவர் அளவில் உச்ச வரிசை ஸ்கேட் 1000 டொலரைத் தாண்டுகிறது, ஸ்டிக் 400 டொலரைத் தாண்டுகிறது. சிறுவர் அளவிலும் அதே பெயர், அதே நிறம், அதற்கேற்ற விலை. அந்த விலை எங்கிருந்து வருகிறது என்று இப்போது பார்ப்போம்.

## விலைக்குப் பின்னால் இருக்கும் லீக்

இந்தச் சந்தையை இரண்டு பெயர்கள் ஆள்கின்றன. சிசிஎம் 1899இல் ரொறன்ரோவில் சைக்கிள் நிறுவனமாகத் தொடங்கி, 1905இல் ஸ்கேட் செய்யத் தொடங்கியது. பாவர் 1927இல் கிச்சினரில் பிறந்தது. இரண்டும் பிறகு கைமாறிக்கொண்டே இருந்தன. பாவரை வைத்திருந்த கான்ஸ்டார் நிறுவனத்தை நைக்கி 1995இல் ஏறத்தாழ 395 மில்லியன் அமெரிக்க டொலருக்கு வாங்கி, 2008இல் பாவரை 200 மில்லியனுக்கு விற்றுவிட்டு வெளியேறியது. அதன் பிறகு வந்த தாய் நிறுவனம் 2016இல் திவாலாகிப் பாதுகாப்புக் கோரியது. அடுத்த ஆண்டு சகார்ட், ஃபெயர்ஃபக்ஸ் என்ற இரண்டு கனேடிய முதலீட்டு நிறுவனங்கள் அதை வாங்கின. ஃபெயர்ஃபக்ஸை உருவாக்கியவர் பிரேம் வத்சா. ஹைதராபாத்தில் பிறந்து சென்னை ஐஐடியில் படித்து, கனடாவுக்குக் குடியேறியவர். சிசிஎம்மும் 2004இல் ரீபொக்கிடம் போய், அதோடு அடிடாஸிடம் சேர்ந்து, 2017இல் ஒரு ரொறன்ரோ முதலீட்டு நிறுவனத்துக்கும், 2024இல் ஆல்டர் என்ற சுவீடன் முதலீட்டு நிறுவனத்துக்கும் கைமாறியது.

முதலீட்டு நிறுவனங்கள் கையில் இருக்கும் வணிகம் ஆண்டுதோறும் விற்பனை காட்ட வேண்டும். ஹொக்கி விளையாடுவோர் தொகையோ வேகமாகக் கூடுவதில்லை. அப்படியானால் ஒரே வழி, ஒவ்வொரு வீரரிடமிருந்தும் கூடுதல் காசு வாங்குவது. ஓரிரு ஆண்டுக்கு ஒரு புதிய பதிப்பு, கொஞ்சம் இலேசானது, புதிய நிறம், உயர்ந்த விலை. பழைய பதிப்பு மலிவாகிவிடும். நமக்கு உதவும் விசயம் இந்தக் கடைசி வரிதான்.

அந்தப் புதிய பதிப்பை விற்றுக் கொடுப்பது என்எச்எல். கொனர் மெக்டேவிட், சிட்னி கிராஸ்பி போன்ற நட்சத்திர வீரர்கள் சிசிஎம் சாமானோடு விளையாடுவதை வாரத்தில் பல இரவு வீட்டுத் தொலைக்காட்சியில் பார்க்கிறோம். நட்சத்திரங்களுக்கு நிறுவனம் காசு கொடுக்கிறது. தன் பெயர் ஐஸில் தெரிய வேண்டுமானால் லீக்குக்கும் உரிமக் கட்டணம் கட்ட வேண்டும். வீரர்களின் ஸ்டிக் செலவை அணியே பார்த்துக்கொள்கிறது. ஒரு சீசனில் ஒருவருக்கு டஜன் கணக்கில் போகும். ஆக, 400 டொலர் ஸ்டிக்கோடு விளையாடும் வீரர் அதற்குத் தன் பையிலிருந்து காசு கொடுப்பதில்லை. கொடுப்பது நாங்கள்தான்.

லீக்கில் புழங்கும் பணத்தைப் பாருங்கள். உரிமையாளர்–வீரர் தகராறில் ஒரு சீசன் முழுதும் ரத்தான 2004-05 முடக்கத்துக்குப் பிறகு, ஓர் அணி வீரர்களுக்குக் கொடுக்கக்கூடிய சம்பள உச்சவரம்பு முதன்முதலாக 39 மில்லியன் அமெரிக்க டொலராக வைக்கப்பட்டது. 2025-26இல் அது 95.5 மில்லியன். லீக்கின் ஹொக்கி வருமானத்தை 2013 முதல் அணி உரிமையாளரும் வீரரும் சரிபாதியாகப் பிரித்துக்கொள்கிறார்கள். கனேடிய ஒளிபரப்பு உரிமைக்கு 2013இல் ரொஜேர்ஸ் 12 ஆண்டுகளுக்கு 5.2 பில்லியன் டொலர் கொடுத்தது. 2025இல் போட்ட அடுத்த 12 ஆண்டு ஒப்பந்தம் 11 பில்லியன். லாஸ் வேகாஸ் அணி லீக்கில் நுழைய 500 மில்லியன் அமெரிக்க டொலர் கட்டியது, அடுத்து வந்த சியாட்டில் 650 மில்லியன் கட்டியது. இவ்வளவும் நிலைக்க வேண்டுமானால் அடுத்த தலைமுறை ஹொக்கி பார்க்க வேண்டும், விளையாட வேண்டும். ஆகவே நுழைவாயிலில் லீக்கும் நிறுவனமும் தம் காசைப் போட்டுச் சாமானை மலிவாகத் தருகின்றன, உச்சியில் அதைத் திரும்ப வாங்கிக்கொள்கின்றன. பெற்றோராக நாம் நுழைவாயிலின் சலுகையை முழுதாக எடுத்துக்கொண்டு, உச்சியைப் பல ஆண்டுகள் தள்ளிப்போடலாம்.

பெண் பிள்ளைகளின் பெற்றோருக்கு இன்னொரு செய்தி. 2024 ஜனவரி 1ஆம் திகதி ரொறன்ரோவில் முதல் ஆட்டத்தோடு தொடங்கிய பெண்கள் தொழில்முறை லீக்கான பிடபிள்யூஎச்எல் ஆறு அணிகளோடு ஆரம்பித்து, 2025-26 சீசனில் வன்கூவரையும் சியாட்டிலையும் சேர்த்து எட்டானது. தொடக்கத்தில் அங்கே சராசரிச் சம்பள இலக்கு 55,000 அமெரிக்க டொலர்தான், என்எச்எல்லோடு ஒப்பிட வழியில்லை. ஆனால் நம் பிள்ளை ரொறன்ரோவிலேயே உட்கார்ந்து, தன்னைப்போன்ற ஒரு பெண் சம்பளம் வாங்கி விளையாடுவதைப் பார்க்க முடிகிறது. அந்த ஆட்டத்துக்கு ஒருமுறை கூட்டிப்போங்கள். உச்ச வரிசை ஸ்டிக்குக்குக் கொடுக்கும் காசில் குடும்பத்தோடு போய்வரலாம்.

## கலவை: நான் பரிந்துரைப்பது

தொடக்கத் திட்டத்தில் இடம் கிடைக்காதவர்களில் பெரும்பாலானோருக்கு இதுவே சரி. காசை எங்கே போடுவது, எங்கே மிச்சம் பிடிப்பது என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

ஸ்கேட். மொத்த முடிவிலும் இதுவே முக்கியம். ஹொக்கி ஸ்கேட்டின் அளவு சப்பாத்து அளவைவிட ஒன்று முதல் ஒன்றரை வரை குறைவாக இருக்கும். ‘வளர்கிற பிள்ளைதானே’ என்று இரண்டு அளவு பெரிதாக வாங்கிக் காலுறைக்கு மேல் காலுறை போடும் பழக்கம் நம்மிடம் உண்டு. சப்பாத்துக்கு அது ஓடிவிடும், ஸ்கேட்டுக்கு ஓடாது. கால் உள்ளே வழுக்கினால் பிள்ளை கணுக்காலைச் சாய்த்து நிற்கப் பழகிவிடும், அந்தப் பழக்கத்தை மாற்றப் பயிற்றுநர் மாதக்கணக்கில் போராட வேண்டும். அரை அளவு பெரிது போதும், அதற்கு மேல் வேண்டாம்.

சோதிக்கும் முறை இது. மெல்லிய ஒற்றைக் காலுறையோடு போட்டு, குதிக்காலைப் பின்னே தட்டி, இறுக்கிக் கட்டி எழுந்து நிற்கச் சொல்லுங்கள். பெருவிரல் முனையை இலேசாகத் தொட வேண்டும். முழங்காலை மடக்கியதும் விரல் கொஞ்சம் பின்வாங்க வேண்டும். குதிக்கால் மேலே தூக்கக் கூடாது. நிறுவனங்கள் பல அகலங்களில் செய்கின்றன. பாவர் ஒன்று, இரண்டு, மூன்று என்று வடிவ எண் போடுகிறது, மற்றவை எழுத்தால் குறிக்கின்றன. பாதம் அகலமானால் அளவைக் கூட்டாமல் அகலத்தைக் கூட்டிக் கேளுங்கள்.

பாவித்த ஸ்கேட் என்றால் கணுக்கால் பகுதியை இரண்டு கையாலும் அமுக்கிப் பாருங்கள். துணி மாதிரி மடிந்தால் வைத்துவிடுங்கள். கத்தியின் உயரம் இன்னும் எவ்வளவு மிச்சம் இருக்கிறது, வெள்ளைத் தாங்கியில் வெடிப்பு உண்டா, ஆணிகள் ஆடுகின்றனவா என்று பாருங்கள். மேலோட்டமான துரு கூர் போடும்போது போய்விடும், கூர் விளிம்பில் ஆழமாக அரித்திருந்தால் போகாது. பிள்ளை ஒரு சீசன் மட்டும் போட்ட நடுத்தர வரிசை ஸ்கேட் 40, 50 டொலருக்குக் கிடைத்தால், புதிய அடிப்படை வரிசையைவிட அது நல்லது.

ஹெல்மெட். புதிதாக வாங்குங்கள். அடிபட்ட ஹெல்மெட்டின் உள்ளே என்ன ஆயிருக்கிறது என்று வெளியே தெரியாது. அமெரிக்கச் சான்று முத்திரை தயாரித்த நாளிலிருந்து ஆறரை ஆண்டோடு காலாவதியாகிறது, அங்கே விளையாடுபவர்கள் அதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். கேஜோடு சேர்ந்த அடிப்படை ஹெல்மெட் 80 முதல் 150 டொலருக்குள் வரும். விலை கூடினால் பாதுகாப்பும் கூடும் என்று நினைக்காதீர்கள். வேர்ஜீனியா டெக் பல்கலைக்கழக ஆய்வுக்கூடம் 2015இல் 32 ஹொக்கி ஹெல்மெட்டுகளைச் சோதித்தபோது ஒன்றுகூட ஐந்து நட்சத்திரமோ நான்கு நட்சத்திரமோ பெறவில்லை. விலையும் மதிப்பீடும் ஒன்றாகப் போகவுமில்லை. அந்தப் பட்டியலை இப்போதும் புதுப்பித்து இலவசமாக வெளியிடுகிறார்கள், வாங்குமுன் அதில் தேடிப் பாருங்கள். ஹெல்மெட்டில் துளை போடுவதோ வண்ணம் பூசுவதோ சான்றைக் கெடுத்துவிடும்.

கழுத்துக் காப்பு. 2023 ஒக்டோபரில் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் நடந்த ஆட்டத்தில் ஸ்கேட் கத்தி கழுத்தில் பட்டு ஆடம் ஜோன்சன் என்ற தொழில்முறை வீரர் இறந்தார். 20 டொலரிலிருந்து கிடைக்கும் ஒரு பொருள், எப்போதும் புதிதாகவே வாங்கலாம். தொலைக்காட்சியில் பல வீரர்கள் இதை அணியவில்லையே என்று பிள்ளை கேட்கும். என்எச்எல்லில் பாதுகாப்பு விதி எப்போதும் பேச்சுவார்த்தையில் வருவது. ஹெல்மெட்டே 1979 ஜூனுக்குப் பிறகு ஒப்பந்தம் போட்டவர்களுக்குத்தான் கட்டாயமானது. கிரேக் மெக்டேவிஷ் என்ற வீரர் 1997இல் ஓய்வு பெறும்வரை ஹெல்மெட் இல்லாமலே விளையாடினார். முகக் கண்ணாடி 2013இல் இதே மாதிரிப் புதியவர்களுக்கு மட்டும் வந்தது. அவர்கள் அணிவது அவர்களின் ஒப்பந்தம். அதைப் பார்த்து நம் பிள்ளையின் கழுத்தைத் திறந்து விடக் கூடாது.

ஸ்டிக். இதில் மிச்சம் பிடியுங்கள். 2000களின் தொடக்கத்தில் ஈஸ்டன் நிறுவனத்தின் ஒற்றைத் துண்டுக் கார்பன் ஸ்டிக் வந்த பிறகு மர ஸ்டிக் தொழில்முறை ஆட்டத்திலிருந்து மறைந்தது. ஆனால் கற்கும் பிள்ளைக்கு 30, 40 டொலர் ஸ்டிக் போதும், மரமானாலும் சரி. உச்ச வரிசை ஸ்டிக்கின் உத்தரவாதம் பெரும்பாலும் 30 நாள்தான், 31ஆம் நாள் உடைந்தால் அந்தக் காசு போனது போனதுதான். ஸ்டிக் மேல் ஓர் எண் இருக்கும், அது எவ்வளவு வளையும் என்பதற்கான அளவு. பிள்ளையின் எடை எத்தனை இறாத்தலோ அதில் பாதி எண் பொருத்தம் என்பது பொதுவான கணக்கு. 60 இறாத்தல் பிள்ளைக்கு 30 அளவில் போதும். வளையாத ஸ்டிக் எவ்வளவு விலையானாலும் அடிக்க உதவாது. உயரம், ஸ்கேட் போட்டு நிற்கும்போது நாடிவரை. நீளமாக வாங்கி வெட்டலாம், ஆனால் வெட்ட வெட்ட விறைப்புக் கூடும்.

இன்னொன்று. நம் ஊரில் பார்த்த புல்தரை ஹொக்கியில் எல்லாருக்கும் ஒரே பக்க ஸ்டிக்தான். ஐஸ் ஹொக்கியில் இடம், வலம் இரண்டும் உண்டு. வலக்கையால் எழுதும் பிள்ளை வலது பக்க ஸ்டிக்தான் பிடிக்கும் என்று நினைத்து வாங்கிவிடாதீர்கள். கனடாவில் வலக்கைப் பிள்ளைகள் பலர் இடது பக்கமாகவே அடிக்கிறார்கள். கடையிலோ வீட்டிலோ ஒரு தும்புத்தடியைக் கொடுத்து நிலத்தைக் கூட்டச் சொல்லுங்கள், எந்தக் கை மேலே போகிறது என்று தானே தெரிந்துவிடும்: வலக்கை மேலே என்றால் இடது பக்க ஸ்டிக், இடக்கை மேலே என்றால் வலது பக்க ஸ்டிக்.

வாய்க் காப்பும் இடுப்புக் காப்பும் தவிர மற்றவை எல்லாம் பாவித்ததே போதும்.

கோல்காப்பாளர் ஆக வேண்டும் என்று பிள்ளை சொன்னால் உடனே எதுவும் வாங்க வேண்டாம். சிறு வயதுப் பிரிவுகளில் பல சங்கங்கள் அந்தச் சாமானை இரவலாகத் தருகின்றன, முதலில் கேளுங்கள்.

## நீங்களே விளையாடத் தொடங்கினால்

பிள்ளையைக் கூட்டிப்போய் அரினாவில் குளிரில் உட்கார்ந்திருந்து, தானும் ஸ்கேட் போட்டுவிடும் அப்பா அம்மாமார் இப்போது கூடுகிறார்கள். மிக நல்ல விசயம். உங்கள் கால் இனி வளரப்போவதில்லை. ஆகவே ஸ்கேட்டுக்குக் கொஞ்சம் கூடக் கொடுப்பது பெரியவர்களுக்கு நியாயம், பத்து ஆண்டுகூட வரும். ஸ்டிக்குக்கு, அணிகளில் மிஞ்சிய ‘புரோ ஸ்டொக்’ ஸ்டிக்கை மறுவிற்பனையில் பாதி விலைக்கு வாங்கலாம் என்று சொல்வார்கள். தரம் உயர்ந்ததுதான். ஆனால் அது ஒரு தொழில்முறை வீரரின் கைக்கும் பலத்துக்கும் செய்தது. வளைவு வேறாக இருக்கும், விறைப்பு அதிகம், உத்தரவாதம் கிடையாது. தொடங்குபவருக்குக் கடையில் கழிவில் கிடக்கும் போன ஆண்டு நடுத்தர வரிசை ஸ்டிக்கே நல்லது.

## சாமானைவிடப் பெரிய செலவு

சாமான் வாங்கியதும் செலவு முடிந்தது என்று எண்ண வேண்டாம். ஒருமுறை கூர் போட 10 டொலர் அளவில் ஆகும், சீசன் முழுதும் திரும்பத் திரும்பப் போட வேண்டும். ஹவுஸ் லீக் பதிவு பல நூறு டொலர். தெரிவு அணிக்குப் போனால் ஆண்டுக்குப் பல ஆயிரம், அதற்கு மேல் வெளியூர்ப் போட்டி, ஹோட்டல், பெற்றோல். தெரிவு அணிச் செலவைச் சமாளிக்க முடியுமா என்று யோசிக்க வேண்டிய காலம் வரும். சாமானில் இப்போது மிச்சம் பிடிக்கச் சொல்வது அதற்காகவும்தான். அதுவரை, ரொறன்ரோ நகராட்சியின் வெளிப்புற ரிங்குகளில் பொதுச் சறுக்கல் இலவசம். 500 டொலர் ஸ்கேட்டோடு வாரம் ஒருமுறை ஐஸில் நிற்கும் பிள்ளையைவிட, 50 டொலர் ஸ்கேட்டோடு வாரம் மூன்று முறை போகும் பிள்ளை வேகமாக முன்னேறும்.

## எப்போது வாங்குவது

வசந்தத்தில் சீசன் முடியும்போது குடும்பங்கள் வீட்டைத் துப்புரவாக்கும், கடைகளும் பழைய பதிப்பைக் கழிவு விலைக்கு இறக்கும். பேட், பேண்ட்ஸ், கையுறை போன்றவற்றை அப்போதே ஓர் அளவு பெரிதாக வாங்கி வைக்கலாம். ஹெல்மெட்டைப் போட்டுப் பார்த்து வாங்குங்கள், கழிவுக்காகப் பொருந்தாத அளவை எடுக்காதீர்கள். ஸ்கேட்டை மட்டும் வசந்தத்தில் வாங்க வேண்டாம், கோடையில் கால் வளர்ந்துவிடும். முதல் ஐஸ் நாளுக்கு இரண்டு மூன்று வாரம் இருக்கும்போது வாங்கி, வார்க்கவும் கூர் போடவும் முன்பே கத்தி மூடியைப் போட்டு, வீட்டுக் கம்பளத்தில் அரை மணித்தியாலம் நடக்கவிடுங்கள். எங்கேயாவது வலிக்கிறது என்று பிள்ளை சொன்னால் அப்போதே கொண்டுபோய் மாற்றுங்கள். சூடாக்கி வார்த்து, கூர் போட்ட பிறகு பெரும்பாலான கடைகள் திரும்ப எடுக்காது.